ஒட்டிக் கட்டிய அறையின் மேல் மாடி எழுப்பலாமா? – வாசகர் கேள்விகளும் பொறியாளர் பதில்களும்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே பொருளைச் சுற்றியே அமைந்துள்ளன. வீட்டை ஒட்டிப் பின்னாளில் கட்டிய அறைகளின் மேல் மாடி எழுப்பலாமா என்பதே அது. பிள்ளைகளுக்குத் திருமணமாகும்போது இடம் போதாமல் போகிறது. வேலூரில் சிகிச்சைக்கு வந்து தங்குவோருக்கும் காட்பாடியில் படிக்க வரும் மாணவர்களுக்கும் வாடகை அறைகள் எப்போதும் தேவைப்படுகின்றன. மனை வாங்கிப் புது வீடு கட்ட முடியாதவர்கள், இருக்கும் அறையின் மேல் இன்னோர் அறை கட்டிக்கொள்ள நினைப்பது இயல்புதான். ஆகவே இம்முறை அந்தக் கடிதங்களுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ஐயா, வணக்கம். காட்பாடியில் கழிஞ்சூர் ஏரிக்கு அருகில், முன்பு நஞ்சையாக இருந்து மனைப் பிரிவான இடத்தில் எங்கள் வீடு உள்ளது. 1994ஆம் ஆண்டு என் தந்தையார் கருங்கல் கடைக்கால் போட்டு, ஒன்பது அங்குலச் சுவர் வைத்துத் தரைத்தளம் மட்டும் கட்டினார். 2011இல் வீட்டின் மேற்குப் பக்கத்தில் 12 அடி அகலம், 24 அடி நீளத்தில் இரண்டு அறைகளை ஒட்டிக் கட்டினோம். அதற்கு ஆறு பில்லர்கள் எழுப்பி, மாடிக்காகக் கம்பிகளை ஒன்றரை அடி மேலே விட்டிருக்கிறோம். அப்போது வேலை பார்த்த மேஸ்திரி இன்று உயிருடன் இல்லை, வரைபடமும் இல்லை. மகன் குடும்பத்துக்காக இப்போது அந்த இரண்டு அறைகளின் மேல் மட்டும் மாடி கட்ட விரும்புகிறோம். "பில்லர் இருக்கிறது, கம்பியும் விட்டிருக்கிறது, தாராளமாகக் கட்டலாம்" என்று புதிய மேஸ்திரி சொல்கிறார். பழைய வீடும் புது அறைகளும் சேரும் இடத்தில் மேலிருந்து கீழாக மெல்லிய விரிசல் ஒன்று ஓடுகிறது; மழை பெய்தால் அதில் நீர் கசிகிறது. கட்டலாமா? – ஒரு வாசகர், காட்பாடி

பதில்: கட்டலாமா, கூடாதா என்பதை மொட்டை மாடியில் நின்று யாராலும் சொல்ல முடியாது. அதற்கான விடை பூமிக்குள் இருக்கிறது. மாடிப்படி எங்கே வரவேண்டும், ஜன்னல் எந்தத் திசையில் இருக்கவேண்டும் என்று வரைபடம் போடுவதற்கு முன்னால், ஒரு பில்லரின் ஓரமாக மூன்றடிக்கு மூன்றடி அளவில் குழி தோண்டி, ஃபுட்டிங் (பில்லரைத் தாங்க மண்ணுக்குள் போட்ட கான்கிரீட் அடித்தளம்) எவ்வளவு அகலம், எவ்வளவு ஆழம், எந்த மண்ணின் மேல் உட்கார்ந்திருக்கிறது என்று கண்ணால் பார்த்தாக வேண்டும். இதைச் செய்யாமல் தரும் எந்த உறுதிமொழியையும் நம்பவேண்டாம்.

முதலில் எவ்வளவு எடையை ஏற்றப்போகிறீர்கள் என்று கணக்கிட்டுப் பார்ப்போம். ஐந்து அங்குலக் கான்கிரீட் தளம் ஒரு சதுர அடிக்கு ஏறத்தாழ 29 கிலோ எடை உள்ளது. உங்கள் 288 சதுர அடிக்கு அது 8 டன்னைத் தாண்டுகிறது. பத்தடி உயரமுள்ள ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், நீளத்தில் ஓர் அடிக்கு ஏறத்தாழ 400 கிலோ. நான்கு புறமும் சேர்த்து 72 அடி நீளச் சுவரும், நடுவில் நாலரை அங்குலத் தடுப்புச் சுவரும் எழுப்பினால், கதவு ஜன்னல்களுக்கான திறப்புகளைக் கழித்த பிறகும் 26 டன் நிற்கும். பூச்சு, தரைக்கல், மேலே போடும் சுர்க்கியும் (செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த அடுக்கு) தட்டோடும், மனிதர்கள், கட்டில், பீரோ என்று எல்லாவற்றையும் சேர்த்தால், நீங்கள் ஏற்றப்போவது 40 டன்னுக்குக் குறையாது. கீழே ஏற்கெனவே இருக்கும் கட்டடமும் கிட்டத்தட்ட அதே எடை கொண்டது. அதாவது 2011இலிருந்து அந்த மண் எவ்வளவு சுமையைச் சுமந்து பழகியிருக்கிறதோ, அதை ஒரே ஆண்டில் இரு மடங்காக்கப் போகிறீர்கள்.

இந்தச் சுமை ஆறு பில்லர்களுக்கும் சமமாகப் பிரியாது. மூலையில் உள்ளவற்றைவிட நடுவில் உள்ள இரண்டு பில்லர்கள் ஏறக்குறைய இரு மடங்கு சுமக்கும். நடு பில்லர் ஒன்றின் பங்கு 20 டன் என்றும், அதன் ஃபுட்டிங் நான்கடிச் சதுரம் என்றும் வைத்துக்கொண்டால், ஒரு சதுர அடி மண்ணின் மேல் ஒன்றேகால் டன் அழுத்தம் விழுகிறது. சத்துவாச்சாரி மலையடிவாரத்தில் உள்ளதைப் போன்ற கெட்டியான கிராவலோ பாறையோ கீழே இருந்தால், இது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் உங்கள் மனை ஏரிப் பாசனத்தில் இருந்த நஞ்சை. களிமண் நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். ஐப்பசி மழையில் ஒரு நிலையிலும், நாற்பது டிகிரியைத் தாண்டும் வேலூர் வெயிலில் வேறொரு நிலையிலும் இருக்கும். அந்த மண் இந்த அழுத்தத்தைத் தாங்கும் என்று, மண் பரிசோதனை இல்லாமல் நான் கையெழுத்திட மாட்டேன். மேலே இரண்டடிக்குக் களி இருந்தாலும், ஃபுட்டிங் அதற்குக் கீழே சுக்கானையோ (சுண்ணாம்புக் கற்கள் கலந்த கெட்டி மண்) கிராவலையோ தொட்டிருந்தால் நிலைமை முற்றிலும் வேறு. அதனால்தான் குழி தோண்டிப் பார்க்கச் சொல்கிறேன். ஒரு பில்லருக்கு மட்டும் தோண்டுங்கள். ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் திறந்துவிடாதீர்கள். மழைக்காலத்தில் இந்த வேலையை வைத்துக்கொள்ளவே கூடாது. பார்த்து முடித்ததும் அரையடிக்கு ஒருமுறை நீர் தெளித்து, திமிசு போட்டு இடித்துக் கெட்டியாக்கி மூடிவிட வேண்டும்.

அடுத்தது பில்லர். பில்லர் இருப்பதாலேயே அது பில்லர் கட்டடம் ஆகிவிடாது. நம் பக்கத்தில் பல வீடுகளில் 9 அங்குலச் சதுரத்தில் நான்கு 12 மி.மீ. கம்பி போட்ட பில்லர்கள் சுவரோடு சுவராக நிற்கின்றன. ஆனால் ஒரு பில்லரையும் இன்னொன்றையும் இணைக்கும் பீம் (கான்கிரீட் உத்தரம்) மேலே இருக்காது. லிண்டல் மட்டத்தில், அதாவது கதவு ஜன்னல்களின் தலைக்கு மேல், ஒரு பட்டையும் அதன் மேல் தளமும் மட்டுமே இருக்கும். அத்தகைய கட்டடத்தில் சுமையைச் சுமப்பது சுவர்தான். பில்லர் அதற்குத் துணை நிற்கிறது, அவ்வளவே. உங்கள் அறைகளில் தளத்துக்குக் கீழே பீம் இறங்கித் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டால், பில்லரை ஒட்டி மேல் மூலையில் பூச்சைக் கொஞ்சம் தட்டி எடுத்துப் பார்த்துவிடலாம். பீம் இல்லையென்றால் சுவருக்குக் கீழே என்ன கடைக்கால் இருக்கிறது என்பதையும் தோண்டித்தான் அறிய வேண்டும். பில்லர்களுக்கு நடுவே சுவரை, தரைமட்டத்தில் ஓடும் பிளிந்த் பீம் தாங்குகிறதா, அல்லது வெறும் மண்ணைத் தட்டி அதன்மேல் செங்கல் அடுக்கியிருக்கிறார்களா என்பது இந்த இடத்தில் மிக முக்கியமானது.

கான்கிரீட்டின் தரத்தை ரீபவுண்ட் ஹேமர் என்ற கருவியால், உடைக்காமலேயே ஓரளவு மதிப்பிடலாம். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு ஐ.எஸ். 456 என்ற இந்தியத் தர விதி கேட்கும் குறைந்தபட்சத் தரம் எம்20 எனப்படும் வலிமை அளவு. 2011இல் கையால் கலந்து, கண்ணளவில் நீர் ஊற்றிப் போட்ட பில்லர் அந்தத் தரத்தில் இருக்கிறதா என்பதைச் சோதித்த பிறகே நம்பவேண்டும்.

மேலே விட்டிருக்கும் கம்பிகளைப் பற்றி உங்கள் மேஸ்திரி சொன்னது எனக்குக் கவலையளிக்கிறது. அத்தனை ஆண்டு மழையிலும் வெயிலிலும் மூடாமல் நின்ற கம்பி வெளிப்பார்வைக்குத் தடித்துத் தெரியும், தடித்திருப்பது துருதான். கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்த்து எடுத்துவிட்டு, வெர்னியர் காலிப்பரால் அளந்து பாருங்கள். 12 மி.மீ. கம்பி, பில்லரிலிருந்து வெளியே வரும் அந்தக் கழுத்துப் பகுதியில்தான் மிக அதிகமாக அரிக்கப்பட்டிருக்கும். மழைநீர் தேங்கி நிற்கும் இடம் அது. அங்கே கான்கிரீட்டும் துருவின் உப்பலால் வெடித்திருக்கும். விரலால் பெயர்த்தாலே சில்லு சில்லாக வந்தால், நல்ல கான்கிரீட்டும் நல்ல கம்பியும் தென்படும் வரை கொத்தி இறங்க வேண்டும். அதோடு, 12 மி.மீ. கம்பியை ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டுவதற்குக் கம்பியின் கனத்தைப்போல் ஐம்பது மடங்கு, அதாவது இரண்டடி மேற்பொருத்தம் வைப்பது வழக்கம். உங்களிடம் இருப்பது ஒன்றரை அடிதான். அதிலும் துருப்பிடித்த பகுதி போக எஞ்சியதுதான் பயன்படும். பழைய பில்லரில் துளையிட்டு, ரசாயனப் பசை ஊற்றிப் புதுக் கம்பியை நட்டு வலுப்படுத்த வழி இருக்கிறது. ஆனால் துளையின் ஆழம், தூசியை ஊதி வெளியேற்றுவது, பசை இறுகும் நேரம் ஆகியவற்றில் சிறு அலட்சியமும் கூடாது. அனுபவமுள்ள ஆட்களை வைத்து, பொறியாளர் அருகிலிருந்து பார்க்கச் செய்ய வேண்டிய வேலை இது.

இனி அந்த விரிசல். பழைய வீடு கருங்கல் கடைக்காலில் நிற்கிறது. ஒட்டிக் கட்டிய அறைகள் தனித்தனி ஃபுட்டிங்கில் நிற்கின்றன. முதலாவது 1994 முதல் அமர்ந்து ஓய்ந்துவிட்டது. இரண்டாவது அதன் பிறகு வந்து தன் போக்கில் அமர்ந்திருக்கிறது. இரண்டும் சேருமிடத்தில் விரிசல் விழுவது எதிர்பார்க்கக்கூடியதுதான். மேலிருந்து கீழ்வரை ஒரே அகலத்தில், தலைமுடி கனத்தில் இருந்தால் பெரிய அச்சம் தேவையில்லை. மேலே அகலமாகவும் கீழே வர வரக் குறுகியும் இருந்தால், புது அறை வெளிப்பக்கமாகச் சாய்ந்து அமர்கிறது என்று பொருள். சுவரில் படிக்கட்டுபோல் ஏறிச் செல்லும் குறுக்கு விரிசல் இருந்தாலும் அப்படியே. விரிசலின் குறுக்கே, பூச்சைச் சுரண்டிவிட்டு, மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை இரு பக்கமும் சிமெண்டால் ஒட்டி, தேதியை எழுதி வையுங்கள். ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் கடந்து கண்ணாடி உடையாமல் இருந்தால் அசைவு நின்றுவிட்டது எனலாம். உடைந்தால், அசைவு நிற்கும்வரை மாடி என்ற பேச்சையே ஒத்திவைப்பது நல்லது. மகனின் குடும்பம் காத்திருக்க வேண்டியிருக்கிறதே என்று உங்களுக்குத் தோன்றும். ஆனாலும் இந்த ஓராண்டுக் காத்திருப்பு அவசியமானது.

எல்லாம் சாதகமாக அமைந்து மாடி எழுப்பும்போது, அது பழைய வீட்டின்மேல் எந்த இடத்திலும் சாய்ந்து நிற்கக்கூடாது. புதுத் தளத்தைப் பழைய சுவருக்குள் செருகுவது, செலவு மிச்சம் என்று நான்காவது பக்கத்துக்குப் பழைய கைப்பிடிச் சுவரையே உயர்த்திக்கொள்வது ஆகியவை நம் ஊரில் வழக்கமாக நடக்கும் தவறுகள். மாடிக்கு நான்கு பக்கமும் சொந்தச் சுவரும் சொந்தப் பீமும் இருக்கட்டும். பழைய வீட்டுக்கும் அதற்கும் நடுவே குறைந்தது ஓர் அங்குல இடைவெளி விட்டு, மேலே அலுமினியத் தகடால் மூடிவிட்டால் நீரும் இறங்காது. இரண்டும் தத்தம் போக்கில் அசையவும் இடமிருக்கும். நில அதிர்வுக்கான இந்தியத் தர விதியான ஐ.எஸ். 1893, அதன் 2016ஆம் ஆண்டுப் பதிப்பில், வேலூரை நில அதிர்வு மண்டலம் 3இல் (மிதமான ஆபத்துள்ள பகுதி) வைத்தது. 2021 நவம்பர் 29 அன்று வேலூருக்கு மேற்கே 3.6 அளவில் நில அதிர்வு பதிவானதும் உங்களுக்கு நினைவிருக்கலாம். ஒட்டி நிற்கும் இரு கட்டடங்கள் அதிர்வின்போது ஒன்றோடொன்று மோதிக்கொள்ளாமல் இருக்கவும் இந்த இடைவெளி உதவுகிறது.

குழியில் களிமண்ணோ சிறிய ஃபுட்டிங்கோ தென்பட்டால் இரண்டு வழிகள் உள்ளன. சுமையைக் குறைப்பது முதல் வழி. செங்கல்லுக்குப் பதிலாக ஏஏசி பிளாக் (காற்றறைகள் நிறைந்த இலகுவான கான்கிரீட் கல்) வைத்தால் சுவரின் எடை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகிவிடும். இப்போது மொட்டை மாடியில் சுர்க்கியும் தட்டோடும் போட்டிருந்தால், அதிர்வு தரும் பிரேக்கர் இயந்திரம் வைக்காமல் கையால் பெயர்த்து இறக்கிவிடுங்கள். நான்கு அங்குல சுர்க்கி சதுர அடிக்குப் பதினாறு, பதினேழு கிலோ இருக்கும். அறைகளுக்கு வெளியே புதிய ஃபுட்டிங், புதிய பில்லர் போட்டு, பழைய அறைகளைத் தொடாமல் மாடியைத் தாங்கச் செய்வது இரண்டாவது வழி. புதுக் குழிகளைப் பழைய ஃபுட்டிங்கின் அடிமட்டத்துக்குக் கீழே இறக்கக்கூடாது. ஒன்றுவிட்டு ஒன்றாகத் தோண்டிக் கான்கிரீட் போட்டு மூடிக்கொண்டே போகவேண்டும். வெளியே பில்லர் போட மனையில் இடம் வேண்டும், அனுமதியும் வேண்டும். மேலே சொன்ன இரண்டு வழிகளும் கைகூடாதென்றால் கட்டவேண்டாம் என்பதே என் கருத்து.

கேள்வி: எங்கள் வீட்டுப் பின்கட்டில் முன்பு தறிக்கொட்டகையாக இருந்த அறையை ஹாலோ பிளாக் சுவரும் ஷீட்டுமாக மாற்றி வைத்திருக்கிறோம். தறிக்குழியை மண் கொட்டி மூடிவிட்டோம். ஷீட்டை எடுத்துவிட்டுத் தளம் போட்டு, அதன்மேல் ஓர் அறை கட்ட முடியுமா? – ஒரு வாசகி, குடியாத்தம்

பதில்: அந்தச் சுவர்களின் மேல் முடியாது, அம்மா. ஷீட் கூரைக்காக எழுப்பிய சுவருக்கு ஆழமான கடைக்கால் போட்டிருக்க மாட்டார்கள். அதோடு, குழித்தறிக்காகத் தோண்டிய பள்ளம் சுவரை ஒட்டி இருந்திருந்தால், அந்தப் பக்கத்தில் சுவரின் அடிமண் பிடிமானம் இழந்திருக்கும்; கொட்டி மூடிய மண் எத்தனை ஆண்டு ஆனாலும் தோண்டாத மண்ணுக்கு ஈடாகாது. தளமும் மாடியும் கட்டாயம் வேண்டுமென்றால், அறையின் நான்கு மூலைகளிலும் சுவருக்கு உள்பக்கமாகத் தோண்டாத கெட்டி மண் வரை இறங்கி ஃபுட்டிங் போட்டு, பில்லரும் பீமும் எழுப்பி, ஹாலோ பிளாக் சுவரை வெறும் தடுப்பாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அறையின் உள்ளளவு ஒவ்வொரு பக்கத்திலும் ஓர் அடியாவது குறையும். அதற்கு உடன்பட்டால் செய்யலாம்.

கேள்வி: வேலூர் கொசப்பேட்டையில் எங்கள் பூர்வீக வீடு உள்ளது. முன்பகுதி தேக்குக் கட்டை போட்ட மெட்ராஸ் டெரஸ்; பின்பகுதியில் 1985 வாக்கில் சமையலறையும் குளியலறையும் ஒட்டிக் கட்டித் தளம் போட்டார்கள். ஒரு பக்கச் சுவர் பக்கத்து வீட்டாருக்கும் எங்களுக்கும் பொது. பின்பகுதியின் மேல் ஓர் அறை கட்டி, அதில் பாதியை முன்பகுதி டெரஸ் மேல் நீட்டலாம் என்று என் தம்பி சொல்கிறார். தங்கள் கருத்து என்ன? – ஒரு வாசகர், வேலூர்

பதில்: டெரஸ் மேல் நீட்டும் எண்ணத்தைத் தம்பி கைவிடவேண்டும். மெட்ராஸ் டெரஸ் என்பது தேக்குக் கட்டைகளின் குறுக்கே செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்புச் சாந்தில் பிணைத்தது. தன் எடையையும் மேலே நடமாடும் மனிதர்களையும் தாங்குவதற்கானது. கட்டைகளின் நடுப்பகுதி உறுதியாகத் தெரியும். ஆனால் சுவருக்குள் புதைந்திருக்கும் முனைகள்தான் முதலில் உளுத்துப்போகின்றன. அவை கண்ணுக்குப் படாது. நீண்ட ஆணி ஒன்றால் சுவரோரத்தில் குத்திப் பாருங்கள், ஆணி தடையில்லாமல் இறங்கினால் மாடி கட்டுவதை விட்டுவிட்டு முதலில் அந்தக் கட்டைகளுக்கு முட்டுக் கொடுக்க வேண்டும்.

பொதுச்சுவரின் மேல் ஒரு செங்கல்கூட வைக்கவேண்டாம். அதன் பாதி மட்டுமே உங்களுடையது. அக்காலத்துச் சுவர்கள் பலவற்றில் வெளிப்பூச்சு சுண்ணாம்பாக இருந்தாலும் உள்ளே மண் சாந்துதான் இருக்கும். மண் சாந்து காய்ந்திருக்கும் வரை வலுவாக நிற்கும். நீர் ஊறினால் கரையும். 2021 நவம்பரில் பெய்த தொடர்மழையில் பேரணாம்பட்டில் வீடு இடிந்து நான்கு குழந்தைகள் உட்பட ஒன்பது பேர் உயிரிழந்ததை நம் மாவட்டத்தார் யாரும் மறந்திருக்க மாட்டோம். பழைய சுவருக்கு மேலும் சுமை ஏற்றுவதும், புது அறையின் கூரைநீரை அதன்மேல் வடிய விடுவதும், உள்ளே உறங்குபவர்களோடு சுவருக்கு அப்பால் உறங்குபவர்களின் உயிரையும் பணயம் வைப்பதாகும். பக்கத்து வீட்டார் வாய்மொழியாகச் சம்மதித்தாலும் இதில் மாற்றமில்லை.

பின்பகுதியின் மேல் மட்டும், பொதுச்சுவரிலிருந்து விலகி, புதிய பில்லர்களின் மேல் சிறிய அறை கட்டிக்கொள்ள முடியும். இரும்புச் சட்டம் அமைத்து, இலகுவான சுவர்ப் பலகை பொருத்துவது இத்தகைய குறுகிய இடத்துக்கு ஏற்றது. கூரைக்கு வெறும் ஷீட் போட்டால் சித்திரை வைகாசியில் உள்ளே இருக்க முடியாது. வெப்பத்தடுப்பு அடுக்கு வைத்த பஃப் பேனல் போடுங்கள். காற்று தூக்கிவிடாதபடி அதைச் சட்டத்தோடு போல்ட் போட்டு முடுக்க வேண்டும். கட்டுவதற்கு முன் உங்கள் செலவிலேயே பக்கத்து வீட்டுச் சுவரின் இப்போதைய நிலையை, இருக்கும் விரிசல்களோடு படமெடுத்து, ஒரு பிரதியை அவர்களிடமும் கொடுத்துவிட்டால் பின்னாளில் மனத்தாங்கல் வராது.

கேள்வி: ஒட்டிக் கட்டிய அறையின் மேல் மாடி வேலை நடந்துகொண்டிருக்கிறது. கடைக்கால் பலமானது என்று பொறியாளர் பார்த்துச் சொன்ன பிறகுதான் தொடங்கினோம். போன வாரம் ஆயிரம் செங்கல்லையும் ஒரு யூனிட் எம்-சாண்டையும் மொட்டை மாடியில் ஏற்றி வைத்தார்கள். இப்போது கீழ் அறையின் மேல்தளத்தில் நடுவில் ஒரு விரிசல் தெரிகிறது. வேலையை நிறுத்தவேண்டுமா? – ஒரு வாசகர், ராணிப்பேட்டை

பதில்: இன்றே நிறுத்துங்கள். இதைப் படித்தவுடன் முதல் வேலையாக, கீழ் அறையில் யாரும் படுக்காமல் பார்த்துக்கொண்டு, சவுக்குக் கட்டையோ இரும்பு ஜாக்கியோ கொண்டு தளத்துக்கு அடியில் மூன்றடிக்கு ஒன்றாக முட்டுக் கொடுங்கள். பிறகு மேலே உள்ள பொருளை நடுவிலிருந்து தொடங்கிச் சிறிது சிறிதாக இறக்குங்கள்.

ஆயிரம் செங்கல் மூன்று டன். ஒரு யூனிட் மணல், அதாவது நூறு கன அடி, நனைந்திருந்தால் நான்கரை டன்னைத் தாண்டும். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அடி அறையின் மொட்டை மாடியில், தளத்தின் சொந்த எடை தவிர மனித நடமாட்டத்துக்கென்று கணக்கில் எடுத்துக்கொள்ளும் சுமை மொத்தமாகவே இரண்டு டன்தான். அதுவும் தளம் முழுவதும் பரவியிருந்தால். நீங்கள் ஏழரை டன்னை, அநேகமாக நடுவில் குவித்து வைத்திருக்கிறீர்கள். கடைக்காலைச் சோதித்த பொறியாளர், பொருள்களை எங்கே அடுக்குவது என்பதையும் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். ஒருநாள் வேலைக்குத் தேவையான அளவை மட்டும், சுவர்கள் மேலும் பீம்கள் மேலும் வரும்படி ஓரங்களில், மூன்று வரிசை உயரத்துக்கு மிகாமல் அடுக்குவதே முறை.

சுமையை இறக்கிய பிறகு விரிசலின் இரு முனைகளிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதுங்கள். எதிரெதிர் சுவர்களுக்கு நடுவே நூலை இழுத்துக் கட்டி, தளத்தின் நடுப்பகுதி தொய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சிறு சுத்தியலால் மெல்லத் தட்டும்போது கணீரென்று கேட்டால் நல்லது. பொத்தென்று கேட்டால் உள்ளே கம்பியிலிருந்து கான்கிரீட் விட்டுப்போயிருக்கலாம். சுமை இறங்கியதும் விரிசல் மூடிக்கொண்டு, தொய்வும் இல்லையென்றால், உங்கள் பொறியாளர் பார்த்து ஒப்பிய பிறகு வேலையைத் தொடரலாம்.

இதே ஆபத்து இன்னொரு கட்டத்தில் மீண்டும் வரும் என்பதால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். மாடியின் கூரைத்தளத்துக்குக் கான்கிரீட் போடும் நாளில், சென்ட்ரிங் முட்டுகள் (கான்கிரீட் இறுகும் வரை அதைத் தாங்கும் தற்காலிகக் கால்கள்) எல்லாம் இந்தப் பழைய தளத்தின் மேல்தான் நிற்கும். ஈரக் கான்கிரீட், கம்பி, பலகை, ஆட்கள் என அத்தனை எடையும் முட்டுகளின் வழியாக இதன்மேல் இறங்கும். ஆகவே கீழ் அறையிலும், மேல் முட்டுகளுக்கு நேர் கீழாக, முட்டுக் கொடுத்தாக வேண்டும். பதினைந்தடிக்கு உட்பட்ட அகலமுள்ள தளத்தின் முட்டுகளை ஏழு நாளுக்குமுன் எடுக்கக்கூடாது, அதற்கு மேற்பட்டால் பதினான்கு நாள் என்பது ஐ.எஸ். 456 தரும் அளவு. அது சாதாரண போர்ட்லண்ட் சிமெண்டுக்கானது. இப்போது பெரும்பாலும் வாங்கப்படும், நிலக்கரிச் சாம்பல் கலந்த பிபிசி சிமெண்ட் மெதுவாக வலுப்பெறும் என்பதால், உங்கள் அறைக்குப் பதினான்கு நாள் விட்டுவைப்பதே பாதுகாப்பானது. வாடகைக்குச் சென்ட்ரிங் கொடுத்தவர் அவசரப்படுத்தினால் கூடுதல் நாள் வாடகையைக் கொடுத்துவிடுங்கள்.

மேல் தளத்தில் குளியலறை வைப்பதாக இருந்தால், பழைய தளத்தைக் கொத்திப் பள்ளமாக்க முடியாது; தரையை உயர்த்திச் செங்கல் துண்டும் மண்ணும் கொட்டி நிரப்பினால் அதுவும் டன் கணக்கில் சுமையாகும். குளியலறையை வெளிச்சுவரோரம் அமைத்து, கழிவுக் குழாயைச் சுவருக்கு வெளியே கொண்டுபோய் இறக்கிவிடச் சொல்லுங்கள். ஆயிரம் லிட்டர் நீர்த்தொட்டி நிரம்பினால் ஒரு டன். அதன் கால்கள் சுவர்கள் சேரும் மூலையின்மேல் வரட்டும்.

கேள்வி: எங்கள் ஒட்டுக்கட்டடம் 2008இல் அனுமதி பெறாமல் கட்டியது. அதன்மேல் மாடி கட்ட அனுமதி தேவையா? இப்போது சுயசான்று முறை வந்துவிட்டதால் யாரும் கேட்கமாட்டார்கள் என்கிறார்களே? தெருவில் செல்லும் மின்கம்பிகள் மாடி வந்தால் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் என்பது என் மனைவியின் அச்சம். – ஒரு வாசகர், ஆம்பூர்

பதில்: அனுமதி தேவை. தமிழ்நாட்டில் 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் நடைமுறையில் உள்ளன. இருக்கும் கட்டடத்தின்மேல் மாடி எழுப்புவதும் அவற்றுக்கு உட்பட்டதே. 2024 ஜூலையில் தொடங்கிய சுயசான்று முறை, 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை கட்டப்படும் வீடுகளுக்கானது. என் கட்டடம் விதிகளுக்கு உட்பட்டது என்று நீங்களே பொறுப்பேற்றுக் கையொப்பமிடுவதுதான் அதன் பொருள். விதியிலிருந்து விலக்கு என்று அதைப் புரிந்துகொள்ளக் கூடாது. கீழே உள்ள ஒட்டுக்கட்டடமே பக்க இடைவெளியை விழுங்கி நிற்குமானால், அதை மறைத்துக் கையொப்பமிடுவது பின்னாளில் உங்களையே பாதிக்கும். நகராட்சி அலுவலகத்தின் கட்டட அனுமதிப் பிரிவில், இருக்கும் கட்டடத்தை உள்ளபடி வரைந்த வரைபடத்தோடு முதலில் கேட்டுவிடுங்கள்.

உங்கள் மனைவியின் அச்சம் முற்றிலும் நியாயமானது. வீட்டு இணைப்புக்குச் செல்லும் தாழ்வழுத்தக் கம்பியிலிருந்து கட்டடத்துக்குப் பக்கவாட்டில் குறைந்தது 1.2 மீட்டரும், கட்டடத்தின் மேலாகக் கம்பி சென்றால் உச்சியிலிருந்து 2.5 மீட்டரும் இடைவெளி வேண்டும். 11 கிலோவோல்ட் கம்பியானால் மேலாக 3.7 மீட்டர். இந்த அளவுகளைச் சுவரிலிருந்து மட்டும் எடுக்கக்கூடாது. சன்ஷேடு, பால்கனி என்று வெளியே நீளும் கடைசி விளிம்பிலிருந்து எடுக்கவேண்டும். கட்டும் காலத்தில் ஆபத்து இன்னும் அதிகம். கட்டுமானத்துக்கான இருபதடி நீள இரும்புக் கம்பியை மேலே தூக்கித் திருப்பும்போதும், சாரக்கட்டு நடும்போதும்தான் விபத்துகள் நிகழ்கின்றன. இடைவெளி போதவில்லையென்றால், மின்கம்பியை நகர்த்துவதற்கோ உறையிட்ட கம்பியாக மாற்றுவதற்கோ மின்வாரியத்தின் பிரிவு அலுவலகத்தில் விண்ணப்பித்து, அந்த வேலை முடிந்த பிறகே முதல் செங்கல்லை மேலே ஏற்றுங்கள்.